கணக்கை விளையாட்டாகப் பழகுவது: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் பதினோரு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். காசிமேடு, கொருக்குப்பேட்டை, புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். கணக்கு வகுப்பு நாளில் தாயக்கட்டை, புளியங்கொட்டை டப்பா, கேரம் போர்டு எல்லாம் வெளியே வரும். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் அப்பாக்களும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

விளையாடினால் கணக்கு வந்துவிடுமா?

தானாக வராது. ஆட்டத்துக்குள் கணக்கு இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கைப் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும், அப்புறம் நோட்டில் எழுத வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் அது பரீட்சைத் தாளுக்கு வந்து சேரும். இந்தப் பக்கத்தில் எந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்தாலும் இந்த இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் ஓர் ஆய்வு செய்தார்கள். 2025-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. அந்தப் பிள்ளைகள் கிலோ கணக்கு, சில்லறைக் கணக்கு எல்லாவற்றையும் மனசிலேயே போட்டுச் சரியாகச் சொல்கிறார்கள். அதே கூட்டல் கழித்தலைப் பள்ளிக்கூட வடிவத்தில் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் போடுகிறார்கள், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். ஒரு பக்கம் தெரிந்தது இன்னொரு பக்கம் தானாகத் தாவுவதில்லை. நடுவில் ஒரு பாலம் போட ஆள் வேண்டும். விளையாட்டுக்கும் இதே கதைதான்.

நான் படிக்காதவள். மீன் விற்கிறேன். நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவிடம் நான் திருப்பி ஒன்று கேட்டேன். "கிலோ 240 ரூபாய் மீன். ஒன்றே முக்கால் கிலோ வாங்கினால் எவ்வளவு?" அவர் கூடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நானூத்தி இருபது" என்றார். எப்படி என்று கேட்டேன். "ஒரு கிலோ 240, அரைக் கிலோ 120, கால் கிலோ 60. சேர்த்தா அவ்ளோதானே."

அவருடைய மகள் ஆறாம் வகுப்பு. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நோட்டில் அன்றைக்குப் பின்னப் பெருக்கல் போட்டிருந்தாள். கலப்புப் பின்னத்தைத் தகா பின்னமாக மாற்ற வேண்டும், 7-ன் கீழ் 4, அதை 240-ஆல் பெருக்க வேண்டும். அவளை அந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். 240-ஐ 4-ஆல் வகுத்தால் 60, அதை 7-ஆல் பெருக்கினால் 420. அம்மா சொன்ன 60-ம் நோட்டில் வந்த 60-ம் ஒன்றுதான் என்று அவள் கண்டுபிடித்தபோது அம்மாவை நிமிர்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான் அம்மா. பாடம் நடத்த வேண்டாம். நீங்கள் எப்படிக் கணக்குப் போடுகிறீர்களோ அதை உரக்கச் சொல்லுங்கள். பிள்ளையை அதை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கடை ஆட்டம் ஆடுங்கள்: பிள்ளை வியாபாரி, நீங்கள் பேரம் பேசும் கிராக்கி. சில்லறையைப் பிள்ளைதான் எண்ணித் தர வேண்டும்.

சின்னப் பிள்ளைக்கு எதில் ஆரம்பிப்பது?

நான்கு, ஐந்து வயதுக்கு ஒரே ஒரு கோடு போதும். தரையில் சாக்பீஸால் நேராகப் பத்துக் கட்டம் போடுங்கள். 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஒரு கட்டம், தலை விழுந்தால் இரண்டு கட்டம்.

ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளோடு கிட்டத்தட்ட இதே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். கால் மணி நேரம் போல நான்கு தடவை, மொத்தம் ஒரு மணி நேரம் சொச்சம். எண்ணை அடையாளம் காண்பது, எது பெரியது என்று சொல்வது எல்லாம் முன்னேறியது. 9 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டம் வைத்து ஆடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. 2008-ல் வெளியானது இது.

பரமபதம் தினமும் ஆடுகிறார்கள். ஆனாலும் எண் தெரியவில்லையே?

அவர்கள் எப்படி நகர்த்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காய் 37-ல் நிற்கிறது, நாலு விழுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்துவார்கள். 41-க்கு வந்ததே அவர்களுக்குத் தெரியாது. கண் பாம்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதை மாற்றுங்கள். "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று" என்று கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். சொல்லாமல் நகர்த்தினால் காய் பழைய இடத்துக்கே திரும்பும். இந்த ஒரு விதிதான் ஆட்டத்தைக் கணக்காக்குகிறது. இந்த வித்தியாசத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நின்ற எண்ணிலிருந்து தொடர்ந்து சொல்லி ஆடும் பிள்ளைகள்தான் கற்கிறார்கள்.

கடையில் விற்கிற அட்டையில் பாதை வளைந்து வளைந்து போகும். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். சின்னப் பிள்ளைகள் இதில் குழம்புவார்கள். அவர்களுக்கு எல்லா வரிசையும் இடப்பக்கமே தொடங்குகிற மாதிரி கையால் ஓர் அட்டை போட்டுக் கொடுங்கள். அப்போது 7-க்கு நேர் மேலே 17, அதற்கு மேலே 27 என்று நிற்கும். பத்து கூட்டுவது கண்ணாலேயே தெரியும்.

என் பையன் எந்நேரமும் கேரம் கிளப்பில்தான் கிடக்கிறான். அதிலும் கணக்கு இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் கேரம் நம் மண்ணின் ஆட்டம். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர், 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். அதனால் "கேரம் வேண்டாம்" என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

தெருவில் ஆடும் கணக்கை எடுத்துக்கொள்வோம். வெள்ளை 20, கறுப்பு 10, ரெட் 50. வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1. போர்டில் மொத்தம் எவ்வளவு? 180, 90, 50, ஆக 320. பாதி 160. அதைத் தாண்டியவர் வென்றார். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை ஆட்டத்தின் நடுவிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடும்.

போன மாதம் நடந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 110-ல் இருக்கிறான். எதிராளி 130. நான் ஸ்ட்ரைக்கரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டேன்: "போர்டைப் பார்க்காமல் சொல்லு, மீதி எவ்வளவு?" 240 போயிற்று, 80 இருக்கிறது என்றான். "என்னென்ன காய்?" ரெட் இன்னும் விழவில்லை, அதனால் 50 போக 30. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்புமாக இருக்கலாம், மூன்று கறுப்பாகவும் இருக்கலாம் என்றான். பார்த்தால் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. "ரெட் போட்டால் ஜெயிப்பியா?" 110-ம் 50-ம் 160, டை ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு, உடனே நிறுத்தினான். "இல்ல மிஸ், ரெட் போட்டா ஃபாலோ போடணும். ஃபாலோ கறுப்பா இருந்தாகூட 170. ஜெயிச்சுருவேன்." (ரெட்டை அடுத்து இன்னொரு காயையும் போட்டால்தான் ரெட் கணக்கில் சேரும். அந்தக் காய்தான் ஃபாலோ.) நான் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்துவிட்டேன். கறுப்பு எளிதாக இருந்த பக்கமே ஆடினான்.

அவன் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னேன். 320-லிருந்து 240-ஐக் கழித்தது, 80-ஐப் பிரித்தது, 170 வந்தது, எல்லாவற்றையும் வரி வரியாக. முகம் சுளித்தான், ஆனால் எழுதினான். அந்த அஞ்சு நிமிஷம்தான் பாலம்.

குறை எண்களுக்கும் கேரம் போல ஓர் ஆசிரியர் கிடையாது. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஒரு காயைத் திருப்பி வைக்க வேண்டும். கையில் காயே இல்லாதவன்? கடன். நாங்கள் அதை மைனஸ் 10 என்று எழுதுகிறோம். அடுத்து அவன் ஒரு வெள்ளை போட்டால் 20 ஆகாது, 10தான் ஆகும். மைனஸ் 10-ம் 20-ம் கூட்டினால் 10 என்பதைக் கடன்பட்ட பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் கட்டையில் பட்டுத் திரும்பும் அடியைக் கோணமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். போன கோணமும் திரும்பிய கோணமும் ஏறக்குறைய சமமாக வரும். காய் சுழன்றால் கொஞ்சம் மாறும். ஏன் மாறுகிறது என்பதையும் பேசலாம்.

தாயம் ஆடினால் சூதாட்டப் பழக்கம் வராதா?

காசு வைக்காதீர்கள். பந்தயம் வேண்டாம். இது கறாரான விதி. எங்கள் மாடியில் ஒரு மிட்டாய்கூடப் பந்தயம் கிடையாது. அதைத் தாண்டிச் சொன்னால், எதிர்பார்ப்பு வேறு, வாய்ப்பு வேறு என்று ஒரு பிள்ளை சீக்கிரமே புரிந்துகொண்டால் பின்னாளில் எவனும் அவனைச் சூதில் ஏமாற்ற முடியாது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். தாயக்கட்டை அதைச் சொல்லித் தரும்.

இரண்டு கட்டை. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. நாலு நாலாகப் பதினாறு விதமாக விழலாம். பிள்ளையைப் பதினாறையும் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். தாயம், அதாவது ஒன்று, 2 விதத்தில் விழும், இரண்டு 3 விதம், மூன்று 4 விதம், நாலு 3 விதம், ஐந்து 2 விதம், ஆறு 1 விதம். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு, அதுவும் 1 விதம்தான். கூட்டிப் பாருங்கள், 16. மறு ஆட்டம் கிடைக்கிற தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு நான்கும் சேர்ந்து 6 விதம்.

ஒருமுறை இந்தக் கட்டத்தை ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் பாட்டி பார்த்துவிட்டு, "பன்னெண்டு மாகாணி, தாயம் அரைக்கால்" என்றாராம். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. 16-ல் 2 என்பது 8-ல் 1 என்று நான் பின்னத்தைச் சுருக்கக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் எடுத்தேன். நம் மொழியில் அதற்குப் பெயரே இருக்கிறது! வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தச் சொற்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 160 தடவை உருட்டி, விழுந்ததைக் கோடு போட்டுக் குறித்துவையுங்கள். மூன்று 40 தடவைக்கு அருகில் வரும், சரியாக 40 வராது. ஏன் வரவில்லை என்று பிள்ளை கேட்டால் அன்றைய வகுப்பு வெற்றி.

வகுத்தலும் மீதியும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

பல்லாங்குழி. பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 5 முத்து. ஆளுக்கு 35, மொத்தம் 70. ஆட்டம் முடிந்ததும் ஒருத்தியிடம் 42, இன்னொருத்தியிடம் 28 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆட்டத்துக்குக் குழி நிரப்ப வேண்டும். 42 வைத்திருப்பவள் ஏழு குழியும் நிரப்பி 7 முத்தைக் கையில் வைத்துக்கொள்வாள். 28 வைத்திருப்பவளுக்கு 5 குழிதான் நிரம்பும், 3 மீதி, 2 குழி காலி. 28-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 3. அந்த 2 காலிக் குழியைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஆட்டம் முழுக்க ஆட வேண்டுமே! மீதி என்றால் என்ன என்பது அவளுக்கு அதன் பிறகு மறக்காது.

ஆடும்போது கேட்க ஒரு கேள்வி: "இந்தக் குழியை எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும்?" விரலால் தொடாமல் சொல்ல வேண்டும்.

பல்லாங்குழிக் கட்டை இல்லை. என்னென்ன வாங்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். தரையில் 14 வட்டம் போடுங்கள், சமையலறைப் புளியிலிருந்து கொட்டையைச் சேர்த்து வையுங்கள். நாலு கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேய்த்தால் தாயக்கட்டைக்குப் பதில் ஆகும்.

தினசரிக் காலண்டர் தாளைத் தயவுசெய்து கசக்கி எறியாதீர்கள். என்னிடம் இருக்கிற மிகச் சிறந்த கணக்குச் சீட்டு அதுதான். எண் பெரிதாக, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி அச்சாகியிருக்கும். 1 முதல் 9 வரை இரண்டு மூன்று மாதத் தாளைச் சேர்த்துக் கவிழ்த்து வைத்து, பத்து ஆகும் ஜோடியைத் தேடச் சொல்லலாம். பெரிய பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு தாள் திருப்பிப் பெருக்க வேண்டும், பெரிய விடை வந்தவர் நான்கையும் எடுத்துக்கொள்வார். வாய்ப்பாடு ஒப்பிக்க மறுக்கும் பிள்ளை இதில் அரை மணி நேரத்தில் நாற்பது பெருக்கல் போட்டுவிடும்.

புத்தக கிரிக்கெட் ஆடிப் பாடப்புத்தகத்தைக் கிழிக்கிறான்.

பழைய புத்தகம் ஒன்றைக் கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்: புத்தகத்தைத் திறந்ததும் வரும் இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம்தானே ரன், அது எப்போதும் 0, 2, 4, 6, 8 மட்டும்தானே வருகிறது, 3 ஏன் வருவதில்லை? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மொபைலில் கணக்கு விளையாட்டு போட்டுத் தரலாமா?

ஏற்கெனவே புரிந்ததை வேகமாகச் சொல்லிப் பழக அது உதவும். புதிதாகப் புரியவைக்க அதை நம்ப வேண்டாம். தப்பாகச் சொன்னால் "தப்பு" என்று சிவப்பு காட்டுமே தவிர, ஏன் அப்படி யோசித்தாய் என்று பெரும்பாலும் கேட்காது. பிள்ளை நாலு பதிலையும் மாற்றி மாற்றித் தட்டிச் சரியானதைப் பிடித்துவிடும். கொடுப்பதாக இருந்தால் பத்து நிமிஷம், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

தோற்றால் அழுகிறாள். ஆட்டத்தையே கலைத்துவிடுகிறாள்.

அவள் ஆட்டத்தில் தோற்றதற்கு மட்டும் அழவில்லை. கணக்கில் தோற்றுத் தோற்று வந்தவள் இங்கேயும் தோற்கிறோமே என்று அழுகிறாள். என்னிடம் வந்த நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாயக்கட்டையைச் சுவரில் வீசினாள். நான் அவளைத் திட்டினேன். அது தப்பு, இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது அப்படிப்பட்ட பிள்ளைகளோடு ஒரே அணியாக ஆடுகிறேன். எதிராளி யாரும் இல்லை. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து பத்து உருட்டில் 30 தாண்டுவோமா?" என்று ஒரு குறி வைக்கிறேன். தாண்டினால் இரண்டு பேருக்கும் சந்தோஷம், தாண்டாவிட்டால் கட்டையின் மேல் பழி. கொஞ்ச நாளில் அவளே "மிஸ், நீங்க தனி, நான் தனி" என்று கேட்பாள். அதுவரை அவசரப்படாதீர்கள். விரலை எண்ணினால் தடுக்காதீர்கள். அண்ணன் வேகமாகச் சொல்கிறானே என்று ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

எட்டாம் வகுப்புக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு இல்லையா?

தீப்பெட்டியை வைத்து இயற்கணிதம் நடத்தலாம். காலி தீப்பெட்டிக்குள் சில கொட்டைகளைப் போட்டு மூடுங்கள், எத்தனை என்று சொல்லாதீர்கள். அதுதான் எக்ஸ். "மனசில் ஒரு எண் நினை. இரண்டால் பெருக்கு. பத்தைக் கூட்டு. பாதியாக்கு. நினைத்த எண்ணைக் கழி." விடை 5 என்று நீங்கள் சொன்னதும் வியப்பார்கள். உடனே தீப்பெட்டியில் செய்து காட்டுங்கள்: இரண்டு பெட்டி, பத்துக் கொட்டை, பாதியாக்கினால் ஒரு பெட்டி, அஞ்சு கொட்டை, பெட்டியை எடுத்துவிட்டால் அஞ்சு. பெட்டிக்குள் என்ன இருந்தால் என்ன? பிறகு அதையே எக்ஸ் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

பள்ளியில் இதை ஒத்துக்கொள்வார்களா?

அரசுப் பள்ளிகளிலேயே 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல், செயல்பாடு வழியாகத்தான் நடக்கிறது. முதலில் 1 முதல் 3 வரை, பிறகு 4, 5-க்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரிப்பார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டு, அதற்கேற்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எங்களுக்கு நேரமே இல்லை. விடியற்காலை போனால் இரவுதான் வருகிறோம்.

தெரியும். தினமும் வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் இருபது நிமிஷம் கிடைத்தால் போதும். பெரிய பிள்ளை சின்னதோடு ஆடட்டும். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைதான் அதிகம் கற்கிறது.

கடலுக்குப் போகும் அப்பாக்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். பிள்ளைகளுக்கும் அந்தச் சமயம்தான் கோடை விடுமுறை. வலை பின்னும் வேலை போக மாலையில் வீட்டில் இருப்பீர்கள். கேரம் போர்டை நடுவில் போட்டு உட்காருங்கள். ஸ்கோரைப் பிள்ளையை எழுதவிடுங்கள், நீங்கள் சரிபார்த்தால் போதும். தப்பாக எழுதியிருந்தால் உடனே திருத்தாமல், "எனக்கு 90 வருது, உனக்கு எப்படி 80 வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.